பரஸ்தானம் விட்ட பெட்டி

"நடங்கய்யா, நடங்க, நின்னுறாதீங்க" என்றாள் ஷபானா என்கிற அந்தச் சின்னப் பொண்ணு, நாச்சிமுத்து நடந்தார். காலுக்குக் கீழே கறுப்பு ரப்பர் பட்டை பின்னால் போய்க்கொண்டே இருந்தது, அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், ஆக மொத்தம் எங்கேயும் போகவில்லை. எதிரே வெள்ளைச் சுவர், சுவரில் ஓர் இதயத்தின் படம், குறுக்கே வெட்டி வைத்த சிவப்புக் கொய்யா மாதிரி. இதென்ன கண்றாவி, மனுசனை நடக்க விடுகிறவர்கள் பார்ப்பதற்கு ஒரு மலை, ஒரு வாய்க்கால், போனால் போகிறது ஒரு டீக்கடைப் படமாவது மாட்டி வைக்கக்கூடாதா. நெஞ்சில் கண்ட இடத்திலும் பசையை ஈஷி வயரை ஒட்டியிருந்தார்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஓர் ஆள் வந்து, கேட்காமல் கொள்ளாமல், ரேசரால் நெஞ்சு முடியை அங்கங்கே வழித்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளாடு மேய்ஞ்ச காடு மாதிரி இருக்குதுங்க என்று தெய்வாத்தாள் சிரிக்கப் போகிறாள். சிரிக்கட்டும். இதில் தேறினால் போதும். தேறினால் வர்ற வியாழக்கிழமை பெட்டியை ஜீப்பில் கோத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தேறாவிட்டால், சேச்சே, நல்ல நாளும் அதுவுமாய் வாயில் வருகிற வார்த்தையைப் பார், தேறாவிட்டால் என்ற பேச்சே கிடையாது, நடடா நாச்சிமுத்து, ரயில்வேயில் ஜல்லிக்கல்லின் மேல் நடந்த கால் இது, இந்த ரப்பர் எல்லாம் உனக்கு ஒரு சமாச்சாரமா. எல்லாம் அவர் வாயால் வந்த வினை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா. பிரஷர் மாத்திரை எழுதி வாங்க வந்த இடத்தில், எழுதினோமா வாங்கினோமா என்று இல்லாமல், "டாக்டரம்மா, மூணு மாசத்துக்குச் சேத்தி எழுதிக் குடுங்க, ஊர் சுத்தப் போறோம்" என்று பீற்றிக்கொண்டார். அந்தம்மாள் பேனாவைக் கீழே வைத்தது. யாரு ஓட்டறது என்று கேட்டது. நானேதான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய நெஞ்சையே பார்த்துக்கொண்டு, அப்போ ஒரு டி.எம்.டி., இந்த நடந்து பாக்கற டெஸ்ட், பாத்துட்டுப் போயிருங்க என்றது. அந்த டாக்டரம்மாள் இப்போது மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிஷினில் ஓடுகிற கோட்டையும் கையில் இருக்கிற போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதைப் பார்க்கும்போது முகம் சுளிக்கிறது என்றுதான் நாச்சிமுத்துவுக்குப் பிடிபடவில்லை.

"கம்பியத் தொங்கிப் புடிக்காதீங்கய்யா, சும்மா தொட்டுக்குங்க, இப்பக் கொஞ்சம் மேடாகும்." மேடானது. இருந்த இடத்திலேயே மேடு வரவழைக்கிறார்கள், கலிகாலம். கம்பியை விட்டால் பின்னால் போய் விழுந்துவிடுவோம் என்று பயமாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் என்பது அவருக்குப் புதுசா என்ன. முப்பத்துச் சொச்சம் வருசம் கூட்ஸ் வண்டி கார்டு. முன்னால் எஞ்சினில் டிரைவர் மகராசன் வரப்போகிற ஊரைப் பார்த்துக்கொண்டு போவான், கடைசிப் பெட்டியில் நாச்சிமுத்து போய்விட்ட ஊரைப் பார்த்துக்கொண்டு போவார். மயில் தோகை விரித்து ஆடியது சார், பார்த்தீங்களா என்பான் டிரைவர். இவர் பார்க்கிறபோது அது தோகையைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும். இந்த தேசத்தின் முதுகை அவரைப்போலப் பார்த்தவர்கள் கிடையாது. வீடுகளின் புழக்கடை, துணி காய்கிற கொடி, தண்டவாளத்து ஓரம் சொம்போடு உட்கார்ந்திருக்கிற குடிமக்கள். அதிலும் ஒன்று, அவர்களாவது உட்கார்ந்தார்கள், இவருக்கு அதற்கும் வழி இல்லை. கார்டு பெட்டியில் லைட் கிடையாது, ஃபேன் கிடையாது, கக்கூஸ் கிடையாது. குலுங்குகிற குலுங்கில் சாப்பிட்ட சோறு தொண்டைக்கும் வயிற்றுக்கும் ஷண்டிங் அடிக்கும். அப்படி ஒருநாள், பொட்டல் காட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காகக் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ரிட்டையர் ஆனதும் நமக்கென்று ஒரு பெட்டி செய்ய வேண்டும். உள்ளே கக்கூஸ் இருக்க வேண்டும். அதை நம் வண்டிக்குப் பின்னால் கட்ட வேண்டும், நாம் முன்னால் உட்கார வேண்டும். ஊர் ஊராக, வருகிற ஊரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் தெய்வாத்தாள். பாவம், புருசன் ரயில்வே என்றுதான் பேர், அவள் ரயிலேறி அனுபவித்தது என்ன. இருந்த ஃப்ரீ பாஸெல்லாம் பங்காளி கல்யாணத்துக்கும் எழவுக்கும்தான் போனது. ஊருக்குப் போனாள் என்று சொல்வதற்கில்லை, காரியத்துக்குப் போனாள், வந்தாள்.

கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்த பெட்டி. பட்டறைக்காரர் கட்டில் எங்க வரணும், அடுப்பு எங்க வரணும் என்று கேட்டார். முதலில் கக்கூஸ் எங்க வரணும்னு கேளுங்க என்றார் நாச்சிமுத்து. அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் கட்டினார்கள். ரெண்டு பேர் படுக்கிற கட்டில், ரெண்டடுப்பு ஸ்டவ், குட்டியாக ஒரு பாத்திரம் கழுவுகிற தொட்டி, பக்கத்துக்கொரு ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி. தெய்வாத்தாள் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை. என்ன பண்றே என்று கேட்டதற்கு, சும்மா உக்காந்திருக்கறனுங்க என்றாள். அவள் சும்மா உட்கார்ந்து அதற்கு முன்னால் அவர் பார்த்ததே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது வரைபடத்தை விரித்துக் காட்டினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி, கடலைப் பிடித்து, அப்படியே கடலோரமாக வடக்கே, கோவா, அதையும் தாண்டி, துவாரகை வரைக்கும். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே ம் கொட்டினாள். எங்க போகணும்னு அவளைக் கேட்டோமா? இப்போது, இந்த மேட்டில், மூச்சு இரைக்கிற நேரத்தில் போய் அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த முள் மாதிரி குத்தியது. கேட்டிருப்போம். கேட்காமலா இருந்திருப்போம். ம் கொட்டினாளே. பொம்பளை ம் கொட்டினால் சரி என்று அர்த்தமா, சாப்பிட்டு எந்திரி, பாத்திரம் கழுவணும் என்று அர்த்தமா.

"இன்னும் கொஞ்சம் வேகமாகுதுங்கய்யா. மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?" "இல்ல அம்மிணி, ஜம்முனு இருக்குது." ஜம்மென்று எல்லாம் இல்லை. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வலி இல்லை, வலி இல்லவே இல்லை. பெட்டி வந்து சேர்ந்த தை மாசமே கிளம்பியிருக்க வேண்டியது. அப்போது பெங்களூர் மகள் கவுசல்யாவுக்கு ரெண்டாவது பிரசவம். பிரசவம் தாய் வீட்டில்தானே, அது முறை, முறையைத் தட்ட முடியுமா. குழந்தை பிறந்தது, மூணாம் மாசம் தொட்டிலில் போட்டு, அஞ்சாம் மாசம் கொண்டுபோய் விட்டு வருவதற்குள் மழைக்காலம். மழை விட்டதும் இவருடைய பெரியக்கா கிணற்றடியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். பெரியக்காவுக்குப் பெற்ற மகன்கள் மலை மலையாய் இருக்கிறார்கள், ஆனாலும் தெய்வாத்தாள் கையால் கஞ்சி குடித்தால்தான் இறங்குமாம். அக்கா எழுந்து நடமாடியதும் தெய்வாத்தாளுக்குக் கண்ணில் புரை. புரை எடுத்து அவளுக்குப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும் கவுசல்யா வீட்டு ஆயா சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டாள், அம்மா நீ வந்தாத்தான் நான் ஆபீஸ் போக முடியும். கூட்ஸ் வண்டியின் தலையெழுத்து அது. அதற்குக் கால அட்டவணை கிடையாது. பின்னால் பாசஞ்சர் வருகிறதா, ஒதுக்கு. எக்ஸ்பிரஸ் வருகிறதா, ஒதுக்கு. காலிப் பெட்டி வருகிறதா, அதற்கும் ஒதுக்கு. பக்கத்து லைனில் ஒதுக்கிப் போட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் டீ குடிக்கப் போய்விடுவார். இவர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, கடந்து போகிற ஒவ்வொரு வண்டிக்கும் எல்லாம் சரி என்று கை காட்டிக்கொண்டு நிற்பார். வேலையில்தான் அப்படி என்றால் ரிட்டையர் ஆன பிறகும் அதே பிழைப்பு. எல்லார் வீட்டு வண்டியும் போகிறது, இவர் நின்று கை காட்டுகிறார். மகளைக் கோபித்துக்கொள்ள முடிகிறதா, முடியவில்லை. அந்தச் சின்னக் குட்டி போனில் தாத்தா என்று சொன்னால் துவாரகையாவது ஒன்றாவது என்று ஆகிவிடுகிறது. அதுதான் சங்கடமே.

ஆனால் பரஸ்தானம் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் மேல் கூத்து. பயணத்துக்கு நல்ல நேரம் பார்த்து வைத்து, அந்த நேரத்தில் கிளம்ப முடியாமல் போனால், ஒரு பையையோ வேட்டி துண்டையோ எடுத்துக்கொண்டு போய் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, ஆள் பிறகு கிளம்பிக்கொள்ளலாம். போன வருசம் ஆவணியில் அப்படி ஒரு அருமையான நேரம் அமைந்தது. அன்றைக்குப் பார்த்து, கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்றது, குடலிறக்கம், மறுநாள் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். நல்ல நேரம் வீணாகிறதே என்று படுக்கையில் கிடந்தபடி புலம்பினார். ஒரு பையைக் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. ஆனால் தெய்வாத்தாளின் அண்ணன் சென்னியப்பன் இருக்கிறாரே, எதையும் அரையும் குறையுமாகச் செய்ய மாட்டார். பையில எல்லாத்தியும் எடுத்து வைக்கறதுக்கு எதுக்கு மெனக்கெடறது, எல்லாமே பொட்டிக்குள்ளதானே இருக்குது என்று டிராக்டரைக் கொண்டுவந்து பெட்டியையே பூட்டி, நேரம் தவறாமல், பெருந்துறைக்குப் போகிற வழியில் இருக்கிற தன் தோட்டத்தில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் விட்டுவிட்டார். மேற்குத் திசைதான், பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி விட்டதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாதாம். கொண்டுவந்தால் போன பயணம் பாதியில் திரும்பின மாதிரி, மகா அபசகுனம் என்கிறார் மச்சான். ஆக, பெட்டி பயணத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். முதலில் பாத்திரத் தொட்டியில் ஒரு கோழி முட்டை வைத்தது. அடைகாக்கிறதைக் கலைக்கக்கூடாது மாப்ள என்றார் மச்சான். பிறகு மத்தியானத் தூக்கத்துக்கு மச்சானே குடிபுகுந்தார். தன் மாசக்காட்டிக் காலண்டரை உள்ளே ஆணியடித்து மாட்டினார். ஒருநாள் நாச்சிமுத்து போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "யாரது? சித்த நேரங் கழிச்சு வாங்க" என்று குரல் வருகிறது. தன் பெட்டிக்கு வெளியே, தென்னமரத்தடியில், தான் நிற்கிறோமே என்று அவருக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெய்வாத்தாள்தான் அடிக்கடி போய்க் கூட்டிப் பெருக்கி வருகிறாள். போனால் சீக்கிரம் வருவதில்லை. அண்ணன் வீடு, பேச்சு இருக்கும்.

அப்போதுதான் அது வந்தது. வலி என்று சொல்ல முடியாது. நடு நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு அழுத்தம். போன மாசம் மாடிப்படி ஏறும்போது வந்ததே, அதேதான். அன்றைக்கு வாயு என்று சொல்லிவிட்டார். தெய்வாத்தாள் ஓமத்தண்ணி கொடுத்தாள், பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், முகத்தையே பார்த்தாள். இப்போதும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும். காலையில் ரெண்டு இட்லி, அதில் வாயு எங்கே. சட்னி. கடலைச் சட்னிதான், சந்தேகமில்லை. "வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள் ஷபானா. அவர் தலையை ஆட்டினார், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்பது மாதிரி. சொன்னால் என்ன ஆகும். சொன்னால் நிறுத்துவார்கள். கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கவுசல்யா அழுதுகொண்டு ரயிலேறுவாள். மச்சான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, நாஞ்சொல்லல, எல்லாம் நேரம் மாப்ள என்பார். பெட்டியில் கோழி பேரன் பேத்தி எடுக்கும். சொல்லாவிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம், மிஷின் தானாக நின்றுவிடும், வியாழக்கிழமை காலையில் ஜீப், பின்னால் பெட்டி, பக்கத்தில் தெய்வாத்தாள், ஜன்னலில் காற்று. கணவாய் வருகிறது, லாரிகள் வருகின்றன, இறக்கம் வருகிறது. அந்த இறக்கத்தில் இந்த முழங்கை வந்து ஊன்றினால்? ஸ்டீரிங்கில் இவர் தலை. பக்கத்தில் அவள், ஏனுங்க, ஏனுங்க என்று தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்று கூட அவளுக்குத் தெரியாது. பின்னால் அத்தனை பாரமும் தள்ளுகிறது. முன்னால் லாரி. ஐயோ. பூப்போட்ட துணி, ரெண்டடுப்பு ஸ்டவ், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றவள். அவருக்குச் சாவைப் பற்றி இதுவரை பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை, வந்தால் வரட்டும், கூட்ஸ் வண்டி மாதிரி எப்போதோ ஒரு நேரம் என்றிருந்தார். ஆனால் அவளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவதா. ஊர் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய். கார்டாக இருந்தபோது ஒருமுறை, விடிய விடிய ஒதுக்கிப் போட்டிருந்து அப்போதுதான் சிக்னல் கொடுத்திருந்தார்கள், வண்டி வேகமெடுத்துப் போகிறது, நடுவில் ஒரு பெட்டியின் சக்கரத்தடியில் லேசாகப் புகை. புகையா, பனியா. பனிதான் என்று ஒரு மனசு சொன்னது, வீட்டுக்குப் போகலாமடா என்று சொன்னது. பனி அப்படி நாறாது என்று மூக்கு சொன்னது. பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டார். அச்சு பழுக்கக் காய்ந்திருந்தது. மெச்சுவார்கள் என்று பார்த்தால், போனில் கன்ட்ரோலர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, எக்ஸ்பிரஸ் எல்லாம் உன்னால லேட்டு. இருக்கட்டுமே. லேட்டுதானே.

"அம்மிணி" என்றார். கம்பியிலிருந்து கையை எடுத்து உயர்த்தினார். "நிறுத்துங்க. வலிக்குது. பொய் சொல்லிப்போட்டேன், அப்பப் புடிச்சே வலிக்குது." சொன்னதும் ஒரு பெரிய காரியத்தைச் செய்துவிட்ட மாதிரி, சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி, அவருக்கே தன்மேல் இரக்கம் பொங்கி வந்தது. பட்டை மெல்ல மெல்ல நின்றது. டாக்டரம்மாள் எழுந்து வந்து கோடுகளைக் கையில் பிடித்துப் பார்த்தது. "நீங்க சொல்லலைன்னாலும் நிறுத்தறதாத்தான் இருந்தோங்க. படம் அப்பவே சொல்லிருச்சு" என்றது. அடப்பாவமே. இத்தனை போராட்டமும் எதற்கு. கணவாய், லாரி, அச்சு, சத்தியம், எல்லாவற்றையும் இவர் உள்ளே போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோது இந்த மிஷின் பாட்டுக்கு அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஷபானா நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தாள். கட்டிலில் சாய்த்தார்கள். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, முழங்கைக்காரன் எழுந்து போய்விட்டான். ரத்தக்குழாயில் எங்கியோ அடைப்பு இருக்குது, பயப்படற மாதிரி இல்ல, ஆனாத் தள்ளிப் போடக்கூடாது, கோயமுத்தூர் போய் ஆஞ்சியோ பண்ணிப் பாத்து, தேவைப்பட்டா ஸ்டென்ட் வச்சுக்கலாம், திங்கக்கிழமையே போங்க, அதுவரைக்கும் எதையும் தூக்கக் கூடாது, வண்டியெல்லாம் தொடவே கூடாது என்று டாக்டரம்மாள் அடுக்கிக்கொண்டே போனது. நாச்சிமுத்து அந்தக் கொய்யாப்பழப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எல்லாம் காதில் விழுந்தது. திரும்பவும் ஒதுக்கிப் போட்டாயிற்று. இந்த முறை எக்ஸ்பிரஸ் கூட இல்லை, தன் வண்டிக்குத் தானே குறுக்கே நிற்கிறோம். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

தெய்வாத்தாளை உள்ளே கூப்பிட்டார்கள். வந்தாள், பார்த்தாள், நெஞ்சைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த பசையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "வாயுன்னீங்க" என்றாள். "வாயுக்கு இப்படித்தான் வேர்த்து ஊத்துமாக்கும்." டாக்டரம்மாள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னது. அந்நேரம் பார்த்து தெய்வாத்தாள் கையில் இருந்த போன் அடித்தது. கவுசல்யா. பேச்சு இவருக்கே கேட்டது, அம்மா, புது ஆயாவும் வரலம்மா, வர்ற வாரம் எனக்கு ஆபீஸ்ல முக்கியமான வேலை, நீ ஞாயித்துக்கிழமையே வந்துரு. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். இதுவும் போயிற்று, இவள் பெங்களூர், நாம் கோயமுத்தூர். "இல்ல சாமி" என்றாள் தெய்வாத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். "வர முடியாது கண்ணு. நானும் அப்பாவும் ஊருக்குப் போறோம். எப்பத் திரும்புவோம்னு தெரியாது. உங்க மாமியாரக் கூப்புட்டுப் பாரு, அவீங்களுக்கும் பேத்திதானே. ராத்திரி வெவரமாச் சொல்றேன், இப்ப வெச்சர்றேன்." போனை இடுப்பில் சொருகிக்கொண்டு டாக்டரம்மாளைப் பார்த்தாள். "ஸ்டென்ட் வச்சா எத்தன நாளுங்க அங்க இருக்கோணும்?" "ஆஸ்பத்திரில ரெண்டு மூணு நாள். அப்பறம் ஒரு ரெண்டு வாரம் பக்கத்துலயே இருந்து ஒருக்காக் காட்டிட்டா நல்லது. அதுக்கப்பறம் நெதானமாப் போலாம், பயமில்ல." "அப்ப பொட்டியவே கொண்டுட்டுப் போயர்றோம். ரூமுக்கு எங்க போயி அலையறது. ஆஸ்பத்திரிக்குப் பொறத்தால ஒரு காலி எடம் பாத்து நிறுத்திக்கிட்டா சமையலுக்கும் ஆச்சு, படுக்கவும் ஆச்சு. காட்டிப்போட்டு அங்கிருந்தே மேக்கால எறங்கிக்கறோம். இங்க திரும்பி வந்தா மறுபடியும் யாராச்சும் இடுப்ப முறிச்சுக்குவாங்க." டாக்டரம்மாள் சிரித்துவிட்டது. ஷபானா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு இதெல்லாம் யாரோ வேறொருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. வெளியே வராந்தாவில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கேட்டார், "நீ எங்க போகணும்னு எப்பவும் சொல்லவே இல்லையே." "கேட்டாத்தானே சொல்றதுக்கு." "இப்பக் கேக்கறேன்." "காத்தால கண்ணு முழிச்சா, இது எந்த ஊருன்னு எனக்கே தெரியக்கூடாது. அவ்வளவுதானுங்க" என்றாள். வாழ்நாள் பூராவும் ஒரே சன்னலில் விடிந்தவள். அவர் வரைபடத்தில் அப்படி ஓர் இடத்தைக் குறிக்கவே இல்லை.

ஜீப் வேப்பமரத்தடியில் சுவரைப் பார்த்தமாதிரி நின்றிருந்தது, காலையில் அவர்தான் ஓட்டிவந்து நிறுத்தியிருந்தார். வண்டியைத் தொடவே கூடாது என்றாயிற்று, மச்சானுக்குப் போன் போடலாமா, ஆட்டோ பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே பழக்கதோசத்தில் வலப்பக்கக் கதவுக்குப் போனார். அங்கே தெய்வாத்தாள் ஏறி உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணாடியை வளைத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தாள். "எறங்கு, விளையாட்டுப் புள்ளையாட்டம்" என்றார். "அந்தப் பக்கம் வந்து ஏறுங்க. லைசென்ஸ் இருக்குது." "யாருக்கு?" "எனக்குத்தான். அண்ணந்தான் தோட்டத்துல சொல்லிக் குடுத்தான். நீங்க ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நல்ல நேரம் போகுதுன்னு கண்ணு கலங்குனீங்களே, அன்னிக்கு அந்தப் பொட்டிய அண்ணன் வந்து இழுத்தாத்தான் உண்டுன்னு இருந்துச்சு. எனக்குக் கேவலமாப் போச்சுங்க. கூட்டிப் பெருக்கப் போறப்பவெல்லாம் கத்துக்கிட்டேன். சொன்னா நீங்க பக்கத்துல உக்காந்து கத்துவீங்க." அவர் வாயைத் திறந்தார், கத்துவதற்குத்தான், ஆனால் நாக்குக்கு அடியில் மாத்திரையின் மிச்சம் இன்னும் கரைந்துகொண்டிருந்ததால் மூடிக்கொண்டார். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் ஏறினார். உட்கார்ந்ததும் எதிரே கண்ணாடி முழுக்கச் சுவர். வண்டி உறுமியது, அவள் கியரைப் பிடித்தாள், பிடித்தபடியே இருந்தாள். "என்னாச்சு?" "ஏனுங்க, ரிவர்ஸ் மட்டும் அண்ணன் இன்னுஞ் சொல்லித் தரலீங்க." "அடிப்பாவி, ரிவர்ஸ் தெரியாம யாரு லைசென்ஸ் குடுத்தது?" "எட்டுப் போடச் சொன்னாங்க, போட்டேன். அதுல எங்க ரிவர்ஸு வருது. போறதுக்குத்தானுங்க வண்டி." அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து, குடலிறக்கம் தைத்த இடத்திலிருந்து, சிரிப்பு கிளம்பியது, சிரிக்கச் சிரிக்க காய்ந்திருந்த வேர்வை மறுபடி துளிர்த்தது. நான் இறங்கித் தள்ளறேன் என்று கதவைத் திறக்கப் போனவரை, "அசைஞ்சீங்க, தொலைச்சுப்போடுவேன்" என்று அடக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, "ஏனுங் வாட்ச்மேன், சித்த ஒரு கை குடுங்க சாமி" என்று கூப்பிட்டாள். வாட்ச்மேன் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பிரஷர் பார்க்கக் காத்திருந்தவர்களில் தெம்பானவர்கள் சிலரும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கை வைத்து, ஏலேலோ போடாத குறையாக, ஜீப்பைப் பின்னால் தள்ளி, சாலைக்கு முகம் காட்டி நிறுத்தினார்கள். நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, திங்கட்கிழமையை நினைத்தால் ஒரு கவலை, இவள் எப்படி ஓட்டப் போகிறாளோ என்று அதைவிடப் பெரிய கவலை. எதிரே சாலை நேராகக் கிடந்தது. கம்பி இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"முட்டிய அக்கட்டால நகத்துங்க" என்றாள் தெய்வாத்தாள். "கியர் போடோணும்."

அவர் நகர்த்திக்கொண்டார்.